கணினி பேசாமல் போன மதியம்

கோல சிலாங்கூர் பக்கம் புக்கிட் ரோத்தானில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் குமுதா இருக்கிறாள். பகலில் அந்த வழியாக நடந்து போகிறவர்களுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். யாரோ ஒருத்தி மூச்சு விடாமல், கேட்கிறவருக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாத வேகத்தில் பேசிக்கொண்டிருப்பது போலிருக்கும். அது குமுதாவின் கணினி. குமுதாவுக்குக் கண் தெரியாது. திரையில் வரும் எழுத்தையெல்லாம் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அதில் இருக்கிறது. மற்றவர்கள் காதுக்கு அது வெறும் இரைச்சல். அவள் ஒரு சொல்லையும் தவறவிட மாட்டாள்.

அவள் பிறக்கும்போதே அப்படி இல்லை. கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் வரை படித்து, கோல சிலாங்கூரில் ஓர் இரும்புக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தவள். சுகுமாறனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமே தங்கிவிட்டாள். சுகுமாறன் லோரி ஓட்டுகிறவர். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோவது அவர் வேலை.

கல்யாணமான கொஞ்ச காலத்தில் குமுதா பக்கத்தில் இருக்கும் பொருள்களைத் தட்டிவிட ஆரம்பித்தாள். மேசை ஓரத்துக் கோப்பை விழும். பக்கவாட்டில் வருகிறவர்கள் திடீரென்று எதிரில் முளைத்தது போலிருக்கும். கவனக்குறைவு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். மறுநாள் டாக்டர் வந்து, "என்ன தெரியுது?" என்று கேட்டார். கண்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு குமுதா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் மறுபடியும் கேட்டபோதுதான் கையைத் தூக்கி முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். கட்டு இல்லை.

அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வராத காலம் ஒன்று உண்டு. அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. சுகுமாறன்தான் விசாரித்து, கோலாலம்பூரில் பார்வையற்றோருக்கான பயிற்சி மையம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார். முதல் நாள் விசைப்பலகையில் கையை வைத்தவள் ஒரு விசையையும் அழுத்தவில்லை. தெரியாத எதையாவது தட்டி எதையாவது கெடுத்துவிடுவோம் என்று பயம். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண் அவள் சுட்டுவிரல்களைப் பிடித்து இரண்டு விசைகளின் மேல் வைத்தாள். "இந்த ரெண்டுலயும் சின்னதா மேடு இருக்கு பாரு. வழி தவறிட்டா இங்க வந்துரு" என்றாள். அந்தப் பெண்தான் அஃபிஃபா. தஞ்சோங் காராங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். அவள் பிறவியிலேயே பார்வையில்லாதவள், பயம் என்றால் என்னவென்று கேட்பவள்போல் பேசுவாள். அன்று தொடங்கிய சிநேகிதம் இன்றும் இருக்கிறது.

இருவரும் இப்போது ஒரே கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். கூட்டங்களில் பதிவு செய்த பேச்சை அனுப்பி வைப்பார்கள். அதைக் கேட்டு மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். குமுதாவுக்குக் காது கூர்மை, விரல் வேகம். அவள் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை.

போன அக்டோபரில் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எல்லாரும் தங்கள் கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், பழையதற்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, மாதக் கடைசிக்குப் பிறகு பழைய பதிப்போடு யாரும் கம்பெனியின் இணையத்தளத்துக்குள் நுழைய முடியாது என்று அதில் இருந்தது. கணினியின் குரல் இதை எப்போதும்போல் ஒரே சுருதியில் படித்து முடித்தது. குமுதா அதை மறுபடியும் படிக்க வைத்தாள்.

அஃபிஃபாவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாரும் செஞ்சிட்டாங்க. ரொம்ப ஈசி. கண்ண மூடிக்கிட்டு செஞ்சிறலாம்" என்றாள் அஃபிஃபா.

"வெளயாடாத அஃபிஃபா. நடுவுல குரல் நின்னுருமாமே?"

"ஆமா, சிஸ்டம் மாறும்போது நிக்கும். அப்புறம் தானா வந்துரும்."

"வரலன்னா?"

"வராம எங்க போவும்? நீ தேவையில்லாத ஒயர எல்லாம் கழட்டிட்டு ஆரம்பி. அவ்வளவுதான்."

நல்ல நாள் பார்ப்பது போல் குமுதா நாளைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை, இன்று செய்தே தீருவது என்று முடிவு செய்தாள். சுகுமாறன் விடியும் முன்பே சுங்கை பஞ்சாங் பக்கம் லோடுக்குப் போயிருந்தார். காலையிலேயே தொடங்கியிருக்கலாம். ஆனால் துணி துவைத்தாள், ஏற்கெனவே சுத்தமாயிருந்த அடுப்பைத் துடைத்தாள், தன் கோப்புகளையெல்லாம் ஒரு தனி வட்டில் நகல் எடுத்துவிட்டு, நகல் சரியாக இருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்தாள். ஹெட்செட், பிரிண்டர் ஒயர்களைக் கழற்றினாள். மேசை ஸ்பீக்கர் மட்டும் மிஞ்சியது. கடைசியில் அந்தப் பொத்தானுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது.

'இப்போது மறுதொடக்கம் செய்யவா?' என்று குரல் ஆங்கிலத்தில் கேட்டது. குமுதா விசையை அழுத்தினாள். குரல் இன்னும் ஏதோ சொல்ல வந்து பாதியில் நின்றது.

வீடு அப்படி அமைதியாகி அவள் கேட்டதே இல்லை. கணினிப் பக்கமிருந்து அதன் பெட்டிக்குள் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் வந்தது. பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தாள், இளஞ்சூடு. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளியின் பக்கத்தில் இருப்பதுபோல் அந்தப் பெட்டியின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்தாள். விசிறி நிற்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் உள்ளங்கையை இன்னும் அழுத்தி வைத்தாள்.

முதல் இடி தூரத்தில், கடல் பக்கம் கேட்டது.

அவள் விறைத்துப்போனாள். அக்டோபர் மாதத்து மதிய மழை இந்தப் பக்கத்தில் புதிதல்ல. பக்கத்தில் இடி இறங்கினால் வீட்டு மெயின் சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நின்றுவிடும் என்பதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாதாரண நாளில் இடி கேட்டதுமே கணினியை அணைத்து ஒயரைப் பிடுங்கிவிடுவாள். இப்போது பிடுங்கவும் முடியாது, விடவும் முடியாது. நடுவில் அணைத்தால் கணினி கெட்டுப்போகும் என்று படித்திருக்கிறாள்.

சுகுமாறனுக்குப் போன் செய்தாள். ஆலை வாசலில் வரிசையில் நிற்கிற லோரிகளின் இரைச்சலுக்கு நடுவே அவர் பேசினார்.

"மழ வருதுங்க. கம்ப்யூட்டர் பாதியில நிக்குது."

"அணைச்சிருமா."

"அணைக்கக் கூடாதுங்க!"

"அப்ப அணைக்காத. நான் என்னா சொல்றது குமுதா, எனக்கு அதப் பத்தி என்னா தெரியும்? இங்க எனக்கு முன்னால இன்னும் நெறைய வண்டி நிக்குது."

மழை கூரைத் தகரத்தில் ஒரேயடியாக விழுந்தது. அந்தச் சத்தத்தில் பெட்டியின் விசிறி கேட்கவில்லை. குமுதா குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டாள். அப்படி இருக்கும்போதுதான் இடி இறங்கியது. தரை அதிர்ந்தது. காதுக்குக் கீழே இருந்த உறுமல் சட்டென்று அறுந்தது. தலைக்கு மேல் மின்விசிறி மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. சமையலறையில் குளிர்பெட்டியும் அடங்கியது.

"ஐயோ" என்றாள்.

மெயின் சுவிட்ச் வாசல் கதவுக்கு மேலே இருக்கிறது. எப்போதும் சுகுமாறன்தான் போய்த் தள்ளிவிடுவார். அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோடு சேர்த்துப் போட்டு ஏறினாள். சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திறந்து விரல்களால் தடவினாள். சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக மேலே நின்றன. ஒன்று மட்டும், மற்றதைவிடப் பெரியது, கீழே விழுந்து கிடந்தது. இடி மறுபடியும் உருண்டது. ஈரக் காற்று அடிக்கிற கதவோரத்தில், மின்சாரப் பெட்டிக்குள் கை விட்டபடி அவள் நின்றாள். தொட்டால் என்னாகும் என்று யோசித்தாள். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு மேலே தள்ளினாள். குளிர்பெட்டி உறுமியது.

கணினி தானாக உயிர்க்கவில்லை. அவள் போய்ப் பொத்தானை அழுத்தினாள். விசிறி ஓடியது. அவ்வளவுதான். குரல் இல்லை. பேச வைக்கும் விசைகளை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை.

கைப்பேசியில் எதிரில் இருப்பதைப் படம் பிடித்து விவரித்துச் சொல்லும் செயலி ஒன்று உண்டு. அதைத் திரைக்கு நேரே பிடித்தாள். 'படம் தெளிவாக இல்லை' என்றது கைப்பேசி. இன்னும் நெருக்கிப் பிடித்தாள். 'படம் தெளிவாக இல்லை.' கை நடுங்கிக்கொண்டே இருந்தது, அது அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. 'என்ன தெரியுது?' என்று யாரோ கேட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது. எல்லாருக்கும் தெரிகிற ஒன்று எதிரில் இருக்கிறது, தனக்கு மட்டும் அது இல்லை. அந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம் என்று நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து, மழையில் தலையை நீட்டிக் கத்தினாள்.

"தாயம்மாக்கா! அக்கா!"

பக்கத்து வீட்டுத் தாயம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழம் பொறுக்கப் போகிறவர். காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"என்னா புள்ள, பாம்பா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டர். அதுல என்னா தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"எனக்கா? நான் மூணாவதோட நின்னவ குமுதா. இங்கிலீசுக்கும் எனக்கும் எங்க?"

"எழுத்துத் தெரியுமில்ல? காரு நம்பர் படிப்பீங்களே. ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்கக்கா, போதும்."

தாயம்மா மேசைக்குப் பக்கத்தில் வரவே தயங்கினார். "வெடிக்காதே?" என்று கேட்டார். குமுதா அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து திரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"நீலமா இருக்கு. நடுவுல புள்ளிங்க வட்டமா சுத்துது. கீழ எழுத்து."

"சொல்லுங்க."

"யூ. என். டி. ஓ." ஒரு மின்னல் வெட்டியிருக்க வேண்டும், தாயம்மா நிறுத்திவிட்டு இடிக்காகக் காத்தார். அது அடங்கியதும் தொடர்ந்தார். "ஐ. என். ஜி."

குமுதா எழுத்துகளை மனதுக்குள் ஒட்டவைத்தாள். கணினி தான் செய்த மாற்றங்களை எல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் முழுதாகச் சாகவில்லை.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. டி. ஓ. என். அப்புறம் மேல ஈ உக்காந்த மாதிரி ஒரு புள்ளி. அப்புறம் டீ."

"அணைக்காதன்னு சொல்லுதுக்கா."

"அத யாரு அணைக்கப் போறா? ஆண்டவன்தான் அணைக்கணும்" என்றார் தாயம்மா. மழை விட்டபாடில்லை.

இருவரும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் தாயம்மா, "சுத்துது, சுத்துது, இன்னும் சுத்துது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குமுதா அவர் முழங்கையை விடவில்லை. இந்த வேலை போனால் மறுபடியும் யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் அதற்குத் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு வழியாக மழை தணிந்து தூறலானபோது தாயம்மா எழுந்தே நின்றுவிட்டார். "ஏய், படம் வந்துருச்சி! மல, தண்ணி, மேல மணி ஓடுது. அழகா இருக்கு புள்ள!"

குமுதா காத்திருந்தாள். குரல் வரவில்லை.

இந்த இடத்தில்தான் அவள் உடைந்தாள். கெட்டுப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்றாகிவிட்டது. திரை நன்றாக இருக்கிறதாம், படம் அழகாக இருக்கிறதாம். அவளிடம் மட்டும் அது பேசவில்லை. விசைகளைத் தட்டினாள், ஒலியைக் கூட்டினாள், ஸ்பீக்கரை உலுக்கினாள். தாயம்மா என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

அழுகையோடு அஃபிஃபாவுக்குப் போன் செய்தாள்.

"யா அல்லா, என்னடி ஆச்சி? நிறுத்து, அழுவாத. படம் தெரியுதுன்னு யாரு சொன்னது?"

"பக்கத்து வீட்டு அக்கா."

"அப்ப பொட்டி நல்லாத்தான் இருக்கு. சத்தம்தான் வேற எங்கயோ போவுது. மானிட்டருக்குப் போவுதோ என்னவோ, அதுல ஸ்பீக்கர் இருக்காதில்ல. ஹெட்செட்ட கழட்டி வச்சியே, அத மாட்டிப் பாரு."

மேசை இழுப்பறையிலிருந்து ஹெட்செட்டை எடுத்தாள். செருகும் ஓட்டை கிடைக்கவில்லை. பெட்டியின் முகப்பெல்லாம் தடவி, இரண்டு முறை தலைகீழாகக் குத்தி, மூன்றாவது முறை உள்ளே இறங்கியது. காதில் மாட்டினாள்.

'கடவு எண்ணைத் தருக' என்றது குரல். அதே வேகம், அதே சுருதி.

குமுதா விசைப்பலகையின் மேலேயே தலையைக் கவிழ்த்துவிட்டாள். நெற்றி எந்த விசையில் பட்டதோ, கடவு எண்ணை மறைத்து 'நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்' என்று குரல் சொல்லிக்கொண்டே போனது. அவள் எழவில்லை. அது சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. உள்ளே நுழைந்து பதிப்பு எண்ணைக் கேட்டபோது, அது பழைய பதிப்பைத்தான் சொன்னது. இத்தனை பாடுபட்ட பிறகும் தொடங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

அன்று மாலை சுகுமாறன் வந்தபோது அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். மெயின் சுவிட்ச் பற்றிச் சொன்னபோது அவர் எழுந்து போய் அந்த நாற்காலியையும் சுவரையும் பார்த்துவிட்டு வந்தார்.

"நீ அந்த வேலைய விட்டுறு குமுதா. நான் ஓட்டுறது போதும்."

"போதாதுங்க. சாப்பாட்டுக்குச் சொல்லல. எனக்குப் போதாது."

அவர் அவளுக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பிறகு, "அப்ப ஞாயித்துக்கெழம காலையில செய்வோம். நான் வீட்ல இருக்கேன். காலையில மழ வராது" என்றார்.

மூன்று இரவுகள் அவளுக்குச் சரியான தூக்கமில்லை. முதல் முறை பயந்தது தெரியாத ஒன்றுக்கு. இப்போது என்ன நடக்கும் என்று தெரியும், அது இன்னும் மோசமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே உட்கார்ந்தார்கள். ஹெட்செட்டை இந்த முறை கழற்றவில்லை. தாயம்மாவும் வந்து வாசற்படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தும்போது குமுதாவின் விரல் விசைமேல் நின்று நின்று திரும்பியது. அவளாகவே அழுத்தும்வரை சுகுமாறன் காத்திருந்தார்.

குரல் நின்றது. சுகுமாறன் திரையைப் பார்த்துப் படித்தார். "முப்பது... முப்பத்தொன்னு..." பெரிய பாரம் ஏற்றிய லோரியை மழையிலும் சேற்றிலும் ஓட்டுகிற மனுஷன், அந்த எண்கள் ஏறுவதைப் பார்க்க முடியாமல் கால் ஆட்டுவது குமுதாவுக்கு மேசை வழியாகத் தெரிந்தது. எழுபத்தைந்தில் எண் நின்றுவிட்டது. வெகுநேரம் நகரவில்லை. "கெட்டுப்போச்சா?" என்று அவர் கேட்டார். அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். "ஓடுதுங்க. சும்மா இருங்க" என்றாள். தன் குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

எண் நகர்ந்தது. கணினி அணைந்து எழுந்தது, மறுபடியும் அணைந்து எழுந்தது. பிறகு அவள் காதில் முன்பின் கேட்டிராத ஓர் ஆண் குரல் வரவேற்புச் சொன்னது. குமுதா துள்ளி எழுந்து ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். அது புதிய இயங்குதளத்தோடு வரும் குரல் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. மறுபடி மாட்டிக்கொண்டு, அதை நிறுத்திவிட்டு, தன்னுடைய மென்பொருளைத் தொடங்கினாள். பழைய குரல் வந்து திரையில் இருந்ததையெல்லாம் கொட்டியது. எல்லாம் இடம் மாறியிருந்தது. ஆனால் எல்லாம் இருந்தது. பதிப்பு எண்ணைக் கேட்டாள். புதியது.

"வந்துருச்சி" என்றாள். வாசலிலிருந்து தாயம்மா, "வானம் நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலைக்கு உள்ளே நுழைய முடிந்தது. அன்று சாயங்காலம் அஃபிஃபா போன் செய்தாள். வழக்கமான கலகலப்பு அவள் பேச்சில் இல்லை.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சி. நீ செஞ்சப்பவும் அந்த ஆம்பளக் குரல் வந்துச்சா? எனக்கு உயிரே போயிருச்சி."

அஃபிஃபா கொஞ்சம் இழுத்தாள். "நான் இன்னும் செய்யலடி."

"எல்லாரும் செஞ்சிட்டாங்கன்னு சொன்ன?"

"எல்லாரும்னுதான் சொன்னேன். நானும்னு சொல்லலயே. எனக்கு அந்தச் சத்தம் நிக்கிறத நெனச்சாலே கை காலெல்லாம் ஓட மாட்டேங்குது. பொறந்ததுலேர்ந்து எனக்குச் சத்தம்தானே எல்லாம். கடையில அண்ணன்கிட்ட கேட்டா சிரிக்கிறாரு." அவள் நிறுத்தினாள். "புதன்கெழம காலையில நீ வரியா? பக்கத்துல உக்காந்துக்கிட்டா போதும்."

தஞ்சோங் காராங் வரை போவது பெரிய காரியமில்லை, சுகுமாறன் போகிற வழியில் இறக்கிவிடுவார். ஆனால் அந்த அமைதியை இன்னொரு முறை, அதுவும் வேறொருவர் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"காலையிலேயே ஆரம்பிச்சிறணும்" என்றாள். "துணி துவைக்கிறேன், அடுப்பத் தொடைக்கிறேன்னு நேரத்தக் கடத்தாத. நான் வரேன்."